நெறஞ்சிடுச்சு என்றால் காலி

நேற்று வந்தவாசி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்தாள். சாலை முழுக்கப் பள்ளம். பஸ் குதித்துக்கொண்டே போகிறது. அவள் அசரவில்லை. ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் நடுவில் ஒரு நகம் என்று பூசிக்கொண்டே வந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கை தானாக மடியில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கியது. பாட்டிலின் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூடியில் தொடங்கி பாட்டிலின் தோளில் இறங்குகிற ஒரு சிவப்புக் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, தண்ணியில எதனா கெடக்குதா?" என்று பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார்.

"இல்லிங்க, சும்மா" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது உனக்கு எழுதியே ஆக வேண்டும் என்று இருந்தது. நீ செத்து நாலு மாதம் ஆகிறது. "தவறிட்டா", "போய்ட்டா" என்று ஊர் சொல்வதை எழுதினால் நீ அடித்துத் திருத்துவாய். அதனால் செத்து என்றே எழுதுகிறேன்.

நாம் பார்த்தது என்ன வேலை என்று இன்றைக்கும் எங்கள் தெருவில் யாருக்கும் புரியவில்லை. "உங்க பொண்ணு எங்கயோ காத்து அடிக்கிற வேலைக்குப் போவுதாமே" என்று அம்மாவிடம் கேட்கிறார்கள். பங்ச்சர் கடை என்று முடிவு செய்துவிட்டார்கள். நான் விளக்கப் போவதில்லை. நீதான் தெருவில் நின்று விளக்குவாய். "கார் டயருல காத்து அழுத்தம் முப்பது கீதுன்னு வெச்சிக்குங்க. எங்க டேங்குல மூவாயிரம். இத்தினியூண்டு பாட்டிலுக்குள்ள!" கேட்டவர் பயந்து ஓரடி பின்னால் நகர்ந்தால் உனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆரணியிலிருந்து களம்பூர் போகிற சாலையில், மனை போட்டும் விற்காமல் கிடந்த நிலத்தில்தான் முதலாளி அந்தப் பெயின்ட்பால் மைதானத்தைப் போட்டார். காற்றின் அழுத்தத்தால் சாயக் குண்டு சுடுகிற துப்பாக்கிகள் இருபது. அதைத் துப்பாக்கி என்று சொல்லக் கூடாது, மார்க்கர் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அவர் உத்தரவு. ஆட வந்தவர்கள் எல்லாரும் 'கன்' என்றுதான் சொன்னார்கள். ஒளிந்துகொள்ளக் களம்பூர் மில்களிலிருந்து உமி மூட்டை வந்தது. சனி ஞாயிறில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வேன் வேனாக வந்து இறங்கி, ராணுவ உடுப்பு மாட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் துரத்தித் துரத்திச் சுடுவார்கள். வாரம் முழுக்க மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை உமி மூட்டையைக் கிழித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தால் எரிச்சல். உனக்குப் பாவமாக இருந்தது. அதிலும் நமக்குள் சண்டை.

நமக்கு அந்த வேலை கிடைத்தது ஒன்றும் பெருமைக்குரிய கதை இல்லை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்த மூன்று பெண்களில் நாம் இரண்டு பேர். ஒர்க்‌ஷாப்பில் லேத் பக்கம் போனாலே "நீங்க ரெக்கார்டு எழுதுங்கம்மா" என்று அனுப்பினார்கள். படித்து முடித்ததும் நீ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் எட்டு மாதம் நின்றுகொண்டே ஒரே திருகை முடுக்கி, கால் வீங்கித் திரும்பி வந்தாய். நான் ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் புடவையைப் பிரித்துக் காட்டி, மடித்து, மறுபடி பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி நம்மை எடுத்ததற்குக் காரணம் படிப்பு இல்லை. "பொண்ணுங்க எதுத்துப் பேசாதுங்க" என்று அவர் போனில் யாரிடமோ சொன்னதை இரண்டு பேருமே கேட்டோம். நீ என் விலாவில் இடித்தாய்.

யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. பெட்டியோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் போனில் படம் எடுத்து, களம்பூர் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு பக்கம் நீயும் ஒரு பக்கம் நானுமாகப் படித்தோம். புரியாத வார்த்தைக்கு நாமே பேர் வைத்தோம். ஆடுகிறவர் முதுகுப் பையில் டேங்கைச் சுமப்பார். அங்கிருந்து சுருள் ஹோஸ் ஒன்று மார்க்கருக்கு வரும். டேங்கின் தலையில் இருக்கிற ரெகுலேட்டர் மூவாயிரத்தை எண்ணூறு சொச்சமாக்கி ஹோஸுக்குள் விடும். எண்ணூறு என்றால் குறைவு என்று நான் சொன்னபோது, "உன் தோலுக்கு அது போதும்" என்றாய். ஹோஸ் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று நான் விரலை வைத்துத் தடவப் போன அன்று புறங்கையில் ஓங்கி ஒன்று வைத்தாய். "ஊசி இல்லாமலே காத்து உள்ள பூந்துடும்டி. சோப்புத் தண்ணி வை. முட்டை விட்டா கசியுது."

அந்தப் பிளாஸ்டிக் மக்கும் சோப்புத் தண்ணீரும் உன் கையை விட்டு இறங்கியதே இல்லை. காலையில் ஒவ்வொரு ஹோஸையும் வளைத்துப் பார்ப்பாய், வெடிப்பு இருக்கிறதா என்று. ஓ ரிங் என்கிற ரப்பர் வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பாய். ஆட்டம் முடிந்து திரும்பி வருகிற மார்க்கரின் வாயில் உறை மாட்டி, டேங்கை மெல்ல மூடி, மூட்டையைப் பார்த்துச் சுட்டு, 'டப்' என்ற சத்தம் 'ப்சு' என்று செத்த பிறகுதான் ஹோஸைக் கழற்ற வேண்டும். அடம்பிடித்த ஒரு இணைப்புக்கு, நம்மோடு வேலை பார்த்த லோகாக்கா தேங்காய் எண்ணெய் கொண்டு வந்தபோது நீ போட்ட கூச்சலில் முதலாளியே ஓடி வந்தார்.

"எண்ணெய் போட்டா இன்னாடி ஆவும்? கதவுக்குப் போடல?"

"கதவு பத்திக்காது அக்கா. இது பத்திக்கும். இவ்ளோ அழுத்தத்துல காத்தும் எண்ணெயும் சேரவே கூடாது."

"அடி ஆத்தி. தலைக்குத் தடவிகினு வந்துகீறேனே!" என்று லோகாக்கா தலையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

லோகாக்கா முள்ளிப்பட்டுக்காரி. வீட்டில் தறி. வீட்டுக்காரர் நெய்ய, இவள் வாரத்தில் நாலு நாள் மைதானத்துக்கு வந்து, திரும்பி வருகிற சாமான்களை வாங்கி மேசையில் பிரித்து வைப்பாள். நிரப்ப வேண்டியது இந்தப் பக்கம், நிரம்பியது அந்தப் பக்கம்.

நெயில் பாலிஷ் உன் யோசனை. டேங்கின் தலையில் இரண்டு மரை இருக்கிறது. ரெகுலேட்டர் வால்வு பாட்டிலுக்குள் இறங்குகிற மரை ஒன்று. அதே வால்வு ஹோஸின் பித்தளைத் தலைக்குள் ஏறுகிற மரை இன்னொன்று. கழற்றும்போது ஹோஸ் பக்கத்து மரைதான் கழல வேண்டும். தப்பித்தவறி பாட்டில் பக்கத்து மரை கழன்றால், உள்ளே மூவாயிரம் இருக்கும்போது, அது பாட்டில் இல்லை, ராக்கெட். அதனால் வால்விலிருந்து பாட்டிலின் தோள் வரைக்கும் ஒரே இழுப்பாகச் சிவப்புக் கோடு. கோடு ஒன்றாக இருக்கும் வரைக்கும் பயமில்லை. கோடு உடைந்தால் கையை எடு. இருபது டேங்குக்கும் நீ கோடு போட்டு முடித்த அன்று மிச்சத்தை என் கால் கட்டை விரலில் பூசினாய். "உனக்கும் ஒரு கோடு. நீ எப்ப கழன்டுக்குவேன்னு தெரியல."

ஒரு செவ்வாய்க்கிழமை யாருமே வரவில்லை. முதலாளி திருவண்ணாமலை போயிருந்தார். நாம் மூன்று பேரும் ஆடினோமே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அதை எழுதும்போதே கை பரபரக்கிறது. முகமூடிக்குள் மூச்சு ஆவியாகிறது, எதிரே ஒன்றும் தெரியவில்லை, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. லோகாக்கா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு உமி மூட்டைக்குப் பின்னாலிருந்து எழுந்து, என்னையும் சுடவில்லை, உன்னையும் சுடவில்லை. நுழைவாயிலில் கும்பிட்டபடி நின்றிருந்த முதலாளியின் பிளெக்ஸ் பேனரில் நெற்றிக்கு நடுவே ஒரே குண்டு. ஆரஞ்சு வழிந்து மூக்கு வரைக்கும் இறங்கியது. "அய்யய்யோ, குறி தவறிட்ச்சிடி" என்றாள். "தவறல அக்கா, அதுதான் குறி" என்று நீ தரையில் விழுந்து புரண்டாய். அப்புறம் அரை மணி நேரம் ஏணி வைத்து அவர் முகத்தைக் கழுவினோம். அந்த ஊரில் அந்த நேரத்தில் நம் மூன்று பேரைவிட உயிரோடு இருந்த ஆள் யாரும் இல்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் செய்த தப்பை உனக்கு நேராக ஒருமுறைகூட முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டால் அம்மா "உப்பு நெறஞ்சிடுச்சி, வாங்கினு வா" என்பாள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான். அரிசி இல்லை என்று வாயால் சொல்லக் கூடாது, குங்குமம் தீர்ந்தது என்று சொல்லக் கூடாது. காலி என்ற வார்த்தையை வாசலுக்குள் விடக் கூடாது. லோகாக்கா அந்தப் பழக்கத்தை அப்படியே மைதானத்துக்கும் கொண்டு வந்திருந்தாள். காலி டேங்கை மேசையில் வைத்து "இது நெறஞ்சிடுச்சி" என்பாள். முதல் வாரமே நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அவள் நெறஞ்சிடுச்சி என்றால் நான் நிரப்ப எடுத்துக்கொள்வேன். ஒரு முறைகூடத் தப்பியதில்லை. எனக்கு அதில் ஒரு கர்வம்கூட இருந்தது.

அன்றைக்கு நாற்பது பேர். முதல் இருபது பேர் ஆடி முடித்துவிட்டு ஷாமியானா நிழலில் டீ குடிக்கிறார்கள். அடுத்த இருபது பேரும் அங்கேயே உட்கார்ந்து முகமூடியை மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். லோகாக்கா ஒரு டேங்கை ஹோஸோடும் மார்க்கரோடும் கொண்டு வந்து என் பக்கம் வைத்தாள். "இது நெறஞ்சிடுச்சி. ஹோஸு மட்டும் மாட்டிகினு கழல மாட்டேங்குது பாரு" என்றாள்.

அது நிஜமாகவே நிறைந்திருந்த டேங்க். ஒருத்தர் மார்க்கர் சரியில்லை என்று சுடாமலே திருப்பிக் கொடுத்தது. லோகாக்கா அன்றைக்குத்தான் எல்லாரும் பேசுகிற தமிழில் பேசினாள். நான் முள்ளிப்பட்டுத் தமிழாக மாற்றிக்கொண்டேன். வெளியூர்க்காரியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். நிறைந்தது என்றால் நிறைந்தது என்று எடுத்துக்கொண்டு தள்ளி வைத்திருப்பேன்.

டேங்கின் அழுத்தம் காட்டுகிற கேஜின் கண்ணாடி மேல் ஆரஞ்சு சாயம் காய்ந்திருந்தது. துடைக்கவில்லை. காலிதானே என்று மூட்டையைப் பார்த்துச் சுட்டுப் பார்க்கவும் இல்லை. ஹோஸின் பித்தளைத் தலையை மேசை வைஸின் இரும்புத் தாடையில் கொடுத்து இறுக்கினேன். பாட்டிலைக் கட்டிப்பிடித்துத் திருகினேன். முதலில் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு திருகு. லேசாகச் சுற்றியது. அரைச் சுற்று. எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

நீ சோப்புத் தண்ணீர் மக்கோடு உள்ளே வந்தாய்.

"கைய எடு."

விளையாடுகிறாய் என்று நினைத்தேன்.

"கைய எடுடி. கோட்டப் பாரு."

வால்வில் இருந்த பாதிக் கோடு ஒரு பக்கம். பாட்டிலில் இருந்த பாதிக் கோடு அதற்கு நேர் எதிர்ப் பக்கம். நீ துப்பட்டா முனையை நனைத்து கேஜைத் துடைத்தாய். முள் மூவாயிரத்தில் நின்றது. அந்த வால்வை ஒரு மாதத்துக்கு முன்னால் முதலாளி நமக்குத் தெரியாமல் யாரையோ கூப்பிட்டுத் திறந்து சுத்தம் செய்ய வைத்து, மரைக்குப் பசை வைக்காமல், கோடு மட்டும் சேரும்படி மூடியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் கை பட்ட இடத்தில் சாவு இருந்தது.

சரியாக அப்போது முதலாளி ஷட்டர் வாசலில் வந்து நின்றார். "இன்னாம்மா, ரெண்டாவது பேட்ச் ரெடியா உக்காந்துகினு கீறாங்க. எல்லாம் ஓகேதானே?"

"ஓகே சார்" என்றேன்.

நான்தான் சொன்னேன். என் வாய்தான் சொன்னது.

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு குனிந்து, பாட்டிலின் அடிப்பாகம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கண்ணால் கோடு பிடித்தாய். திறந்த ஷட்டர், அதைத் தாண்டி ஷாமியானா, அதற்குள் நாற்பது பேர். வால்வு பிடி விட்டால் பாட்டில் போகப் போகிற வழி அதுதான்.

"ஓகே இல்ல சார். அவங்கள எழுப்பணும். இப்பவே."

"லைட்டா திருப்பி முடுக்கிட்டு ஓரமா வை. கஸ்டமரப் பயமுறுத்தாத. ஜல்தி."

நீ அவரைத் தள்ளிவிட்டுக்கொண்டு வெளியே போனாய். தோளால் இடித்துத் தள்ளினாய், நான் பார்த்தேன். "எல்லாரும் எழுந்திரிங்க! டீயெல்லாம் கீழ வெச்சிடுங்க! அந்தச் செவுத்துக்குப் பின்னாடி ஓடுங்க! டேங்கு கழன்டுகினு இருக்கு!"

ஒருத்தர் கைதட்டினார். "வாவ், இதுவும் கேம்ல வருதா?"

"இல்லிங்க. இது நெஜம். இங்க உக்காந்தா செத்துடுவீங்க."

உன் குரலில் என்ன இருந்ததோ, நாற்காலிகள் கவிழ அத்தனை பேரும் ஓடினார்கள். முதலாளியும் ஓடினார்.

பாட்டிலைத் தொட முடியாது. திருப்பி முடுக்கவும் முடியாது. ஆனால் ஹோஸின் மறுமுனையில் மார்க்கர் இன்னும் மாட்டியிருந்தது. சுட்டுத் தீர்த்தால் காற்று தீரும். நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்த மார்க்கரைப் பார்த்தோம், ஒரே நேரத்தில் தலையை ஆட்டினோம். யார் கையில் பிடித்துச் சுடுவது? யாரும் வேண்டாம் என்று லோகாக்காவின் கூடையிலிருந்து நீ ஒரு கயிற்றுக் கண்டை உருவினாய். தறியில் ஊடை நூலோடு குறுக்கே பாய்கிற நாடா ஓட இழுக்கிற கயிறு, வீட்டுக்காரருக்காகக் காலையில் ஆரணிக் கடைத்தெருவில் வாங்கியது. மார்க்கரை இரண்டு உமி மூட்டைக்கு நடுவில் சொருகினோம். விசையில் கயிற்றைக் கட்டி, பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே விட்டு, செங்கல் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். நீ இழுத்தாய்.

டப்.

இன்னொரு முறை. டப். டப். சுவரில் காதை வைத்துக்கொண்டு நான் எண்ணினேன். இருபது, நாற்பது. ஜன்னலோரம் எட்டிப் பார்த்தால் முள் அசைந்த மாதிரியே தெரியவில்லை. நூறு. கயிறு உன் விரலை அறுத்துவிட்டது. நான் வாங்கி இழுத்தேன். எனக்கு ஐம்பதுக்கு மேல் ஓடவில்லை, விசை சிக்கிச் சிக்கி நின்றது.

"தள்ளுங்கடி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஓடிப் போகாமல் லோகாக்கா வந்து நின்றிருந்தாள். "கயிறு இஸ்க்கறதுக்கு எனக்குக் கத்துக் குடுக்கறீங்களா?"

உட்கார்ந்தாள். மணிக்கட்டை மட்டும் அசைத்தாள். டப் டப் டப் டப். ஒரே சீர், ஒரே வேகம், தறி ஓடுகிற மாதிரி. முதுகு அசையவில்லை. "உங்க மாமாக்கு ஒடம்பு சொணங்கனா நாந்தான் நாடா ஓட்டறேன், தெரியுமா" என்று கதை வேறு சொன்னாள். நீ அவள் தோளில் தலையை முட்டி அழுதுகொண்டே சிரித்தாய். முந்நூறு. முந்நூற்று ஐம்பது. சத்தம் மெல்ல இளைத்தது. நானூறைத் தாண்டியதும் 'டப்' போய் 'ப்சு' வந்தது. பிறகு அதுவும் இல்லை. நீ ஜன்னலில் எட்டிப் பார்த்தாய்.

"முள்ளு படுத்துகிச்சாடி?" என்று லோகாக்கா கேட்டாள்.

"படுத்துகிச்சி அக்கா."

அந்த வார்த்தை பிறகு நம் மேசையின் சட்டமானது. காலி என்று சொல் என்று நீ எவ்வளவு கெஞ்சியும் அவள் வாயில் வரவில்லை. "வெள்ளிக்கெழம அதுவுமா அத்த சொல்லச் சொல்றியே" என்பாள். சரி, முள் நிற்கிறதா, படுத்துவிட்டதா, அதை மட்டும் சொல் என்று முடிவானது. அதற்கு இரண்டு அர்த்தம் கிடையாது.

நாற்பது பேரும் வேன் ஏறிப் போய்விட்டார்கள். முதலாளி உன்னை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தினார். "உன்னால என் மானமே போச்சு" என்றார். நாற்பது உயிர் போயிருந்தால் போயிருக்கக் கூடிய மானத்தைப் பற்றி அவர் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு டயர் கடைக்காரரைக் கூட்டி வந்தார். அவர் கேஜைப் பார்த்தார், நம் கையேட்டைப் பார்த்தார். "இது என் பொழப்பு இல்லிங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். பத்தாம் நாள் உனக்குப் போன் வந்தது. எல்லா டேங்கையும் சென்னைக்கு அனுப்பி அழுத்தச் சோதனை செய்து வாங்கினால்தான் வருவேன் என்றாய். அனுப்பினார். வேறு வழி இல்லை. இப்படி வழி இல்லாமல் போகும்போது மட்டும்தான் இவர்கள் நியாயமானவர்கள் ஆகிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. அந்த ஞாயிறு பஸ்ஸில் திரும்பி வந்தோம். ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் என்னை நிறுத்தினாய்.

"கழட்டினது தப்புதான். அத்த யாரு வேணா செய்வாங்க. ஓகே சார்னு சொன்னியே, அது இன்னாடி?"

"வாயில வந்துடுச்சி."

"அதத்தான் கேக்கறேன். ஏன் அது வாயில வருது?"

இரண்டு நாள் யோசித்தேன். தறி நெய்கிற எங்கள் அப்பாவிடம், பாவு நூல் கொடுக்கிறவர் வந்து "இன்னாபா, எப்படிப் போவுது?" என்று கேட்டால் அப்பா "உங்க புண்ணியத்துல நல்லாப் போவுதுங்க" என்பார். மூன்று வாரம் தறி சும்மா கிடக்கும். அதிகாரி வந்து கேட்டால் தெருவே "ஒண்ணும் கொறையில்லிங்க" என்று சொல்லும். உப்புப் பானைக்கு அந்தப் பொய் அழகாக இருந்திருக்கலாம். தீர்ந்தது திரும்ப நிறையட்டும் என்று யாரோ ஆசைப்பட்டுச் சொன்ன வார்த்தை. ஆனால் அந்த வார்த்தையில் குளிர் காய்கிறவர்கள் நாங்கள் இல்லை. எங்கள் வாயை நாங்களே அடைத்துக்கொள்ள, கேட்கிறவர் நிம்மதியாகக் காரில் ஏறிப் போகிறார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. முதல் கோபம் என் மேல்தான்.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆறே நாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒவ்வொரு கட்டிலாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எல்லாரும் "பரவால்லிங்க" என்றார்கள். நீ மட்டும் "நல்லா இல்லிங்க. மூச்சு விட முடியல" என்றாய். நிமிர்ந்து பார்த்தார். உடனே எல்லாம் செய்தார்கள். நேரத்தில் சொன்னாய், நேரத்தில் பார்த்தார்கள், அப்படியும் செத்தாய். உண்மையைச் சொன்னால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொண்டு திரிய முடியாது.

ஐந்தாம் நாள் மத்தியானம் உங்கம்மா சாப்பிடக் கீழே போயிருந்தாள். நீ என் கையைப் பிடித்தாய். "பயமா கீதுடி" என்றாய்.

"ஒண்ணும் ஆகாது" என்றேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். அதே பார்வை. நான் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"எனக்கும் பயமாத்தான் கீது" என்றேன். "ரொம்ப பயமா கீது."

உன் பிடி தளர்ந்தது. "அப்பாடா" என்றாய். "இப்பதான் கூட ஒரு ஆள் கீற மாதிரி கீது." பிறகு கொஞ்ச நேரம் தூங்கினாய்.

போன ஞாயிறு புது ஹோஸ் வந்தது. விலை குறைந்த சரக்கு. நாலு இணைப்பில் சோப்புத் தண்ணீர் முட்டை விட்டது. ஒதுக்கி வைத்தேன். இருபது பேர் வெளியே வரிசையில் நிற்க, முதலாளி ஷட்டர் வாசலுக்கு வந்து, "எல்லாம் ஓகேதானே?" என்றார்.

ஒதுக்கி வைத்த நாலு ஹோஸையும் ஒருமுறை பார்த்தேன். பயமாக இருந்தது. நீயாக இருந்தால் பயந்திருக்க மாட்டாய் என்று நினைத்தேன். இல்லை, உனக்கும் பயமாக இருந்திருக்கும், நான் கவனிக்கவில்லை.

"இல்ல சார். நாலு ஹோஸு கசியுது. பதினாறு பேருதான் ஆடலாம்." அவரைத் தாண்டி வரிசைக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு முறை சொன்னேன். குரல் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே சொன்னேன்.

வரிசையில் முணுமுணுப்பு வந்தது. நாலு பேர் விலகி நின்று, முறை வைத்து ஆடிக்கொள்கிறோம் என்றார்கள். முதலாளி என்னை முறைத்துவிட்டுப் போனார். லோகாக்கா விசில் ஊதினாள். பதினாறு பேரும் கத்திக்கொண்டே களத்துக்குள் ஓடினார்கள். முதல் குண்டு வெடித்தது. உமி பறந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.